சனிக்கிழமையானா கெளம்பிடுறா

பைய பேசுங்க தம்பி. முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம். ஊதாச் சேலை. முதுகுல நீலக் கலர்ல ஒரு பை மாட்டியிருக்காளே, ஸ்கூல் பிள்ளைக போடுமே அந்த மாதிரி. ஆங், அதேதான். அது எங்க வீட்ல. என் சம்சாரம். நான் பின்வாசல்ல ஏறி உங்க பக்கத்துல உக்காந்திருக்கது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இன்னிக்கு அவ எங்க இறங்குறா, அங்க என்னத்தப் பாக்குறான்னு கண்ணால பாத்து, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டு, இதே பஸ்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கேன்.

சந்தேகமா? சேச்சே, வாயைக் கழுவுங்க. அம்பத்தெட்டு வயசு அவளுக்கு. பேரன் பெங்களூருல ஸ்கூலுக்குப் போறான். சந்தேகப்பட்டாக்கூட அதுல ஒரு அர்த்தம் இருக்கும். இதுல அர்த்தமே இல்ல. சனிக்கிழமையானா கெளம்பிடுறா. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றா, ஏதோ ஒரு டவுன் பஸ்ல ஏறுறா, தோணுன இடத்துல இறங்குறா, சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துர்றா. என்னடி பாத்தேன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, சும்மா'ங்கிறா. சும்மா! இதுக்கு ஒரு பை வேற.

எங்க இறங்குவான்னு தெரியாததால கண்டக்டர்கிட்ட கடைசி ஸ்டாப் குருவித்துறைக்கே எடுத்துட்டேன். அவளுக்கென்ன, பொம்பளைகளுக்கு டவுன் பஸ் இலவசம். அதை நான் குத்தம் சொல்லல. வேலைக்குப் போறவளுக்கு, பிள்ளையப் படிக்க வைக்கிறவளுக்கு நல்ல விஷயம். குளத்தை வேடிக்கை பாக்கப் போறவளுக்குமா குடுக்கணும்?

இவ்வளவுக்கும் காரணம் ஒரு வெள்ளக்காரப் பிள்ளை. மக்தான்னு பேரு. போலந்து. நம்ம ஊர்ல வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க ஒரு இடம் இருக்கு. அங்க படிக்க வர்ற பிள்ளைகளை ஹாஸ்டல்ல போடாம நம்மள மாதிரி குடும்பங்கள்ல தங்க வைப்பாங்க. வீட்ல இருந்து பழகுனாத்தான் பாஷை வருமாம். எங்க வீட்டைப் பாக்க ரெண்டு பேர் வந்தாங்க. மாடி ரூமைப் பாத்தாங்க, பாத்ரூமைப் பாத்தாங்க, என்கிட்ட பேசிப் பாத்தாங்க. உடனே சரின்னுட்டாங்க. பாத்ரூமுக்காக ஒண்ணும் சரின்னு சொல்லல. மின்வாரியத்துல கணக்குப் பிரிவுல சூப்பரெண்டா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். பேச்சுல ஒரு ஒழுங்கு இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க.

நானும் சும்மா இருக்கல. அந்தப் பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் தயார் பண்ணிட்டேன். வாரநாள்ல கிளாசு. சனி ஞாயிறு லீவு. லீவுல அவ நம்ம வீட்லதானே இருக்கணும்? சனிக்கிழமை ஒரு பாடம், ஞாயித்துக்கிழமை ஒரு பாடம். ஆடி வீதி எதுக்கு, சித்திரை வீதி எதுக்கு, நாயக்கர் காலத்துல எந்தப் பக்கம் என்ன இருந்துச்சு, மொத்த மதுரையையும் மண்டையில வச்சிருக்கேன். யாரு கேக்குறா சொல்லுங்க? மகன் கேக்க மாட்டான். இவ அடுப்படியில இருந்துக்கிட்டு 'ம்' கொட்டுவா. குக்கர் விசிலுக்கும் அவ 'ம்'முக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. சரி, கேக்கறதுக்குன்னே ஒரு பிள்ளை போலந்துல இருந்து வருதே, நம்ம யோகம்னு நெனச்சேன்.

முதல் சனிக்கிழமை எட்டு மணிக்கு ஆரம்பிச்சேன். நல்லாத்தான் உக்காந்திருந்தா. பதினோரு மணி வாக்குல எந்திரிச்சு கையைக் கூப்பி, 'அப்பா, மிக்க நன்றி. நான் இப்பொழுது வெளியே செல்கிறேன்'னு சொல்றா. நான் அப்பத்தான் திருமலை நாயக்கருக்கே வந்திருக்கேன்! எங்க செல்லுறேன்னு கேட்டா, 'ஒரு பேருந்தில் ஏறுவேன். கடைசி நிறுத்தம் வரை போவேன்'ங்கிறா. அங்க என்ன இருக்குன்னு கேட்டேன். 'தெரியாது, அதனால்தான் போகிறேன்'னு சொல்லிச் சிரிக்கிறா. கடைசி ஸ்டாப்ல என்ன இருக்கும் தம்பி? ஒரு டீக்கடை இருக்கும், ஒரு நாய் படுத்திருக்கும். அதைப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்த?

இருந்தாலும் பொம்பளைப் பிள்ளை. நம்ம பொறுப்புல விட்டிருக்காங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதனால அடுத்த வாரம் நான்தான் எங்க வீட்லகிட்டச் சொன்னேன், 'நீயும் கூடப் போ, கண்ணுல வச்சுப் பாத்துக்க'ன்னு. நான்தான் சொன்னேன். அவ வரமாட்டேன்னா. 'எனக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்க, வீட்ல வேலை கெடக்கு'ன்னு முணுமுணுத்துக்கிட்டே போனா. அழகர்கோயில் பக்கம் எங்கேயோ போய்ட்டு, வழியெல்லாம் வாந்தி எடுத்துட்டு, மூஞ்சி வெளிறிப்போய் வந்தா. நான் சொன்னேன், 'பாத்தியா, உனக்கெல்லாம் இது தேவையா'ன்னு. போய்ப் படுத்துட்டா. அதோட சரின்னு நெனச்சேன்.

அடுத்த சனிக்கிழமை விடியக்காலையில கொல்லையில எலுமிச்சம்பழம் பறிச்சுக்கிட்டு இருக்கா. என்னடின்னேன். 'மோந்து பாத்துக்கிட்டே போனா வாந்தி வராதுன்னு மக்தா சொல்லுச்சு'ங்கிறா. எலுமிச்சம்பழ வைத்தியத்தை போலந்துக்காரி வந்து மதுரைக்காரிக்குச் சொல்றா!

அப்புறம் பிடிச்சுச்சு பாருங்க. பாலமேடு, திருவாதவூர், திருப்புவனம்னு வாராவாரம். புளிச்சோத்தைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போயிர வேண்டியது. என் பத்து மணிக் காப்பி பிளாஸ்குக்குள்ள போயிருச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கவன்தான் தம்பி பிளாஸ்குல காப்பி குடிப்பான். சாயங்காலம் வந்தா கால்ல செம்மண்ணு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அடுப்படியில ரெண்டும் குசுகுசுன்னு பேசிச் சிரிக்கும். நான் தண்ணி குடிக்கப் போனா நின்னுபோகும். ஒரு நாள் கேட்டேன், 'இன்னிக்கு என்னத்தப் பாத்தீங்க?' 'ஒரு குளம். கரையில உக்காந்திருந்தோம்'ங்கிறா. 'ஏன், இங்க தெப்பக்குளம் இல்லையா?'ன்னேன். அதுக்கும் சிரிக்கிறா.

இத்தனை வருசம் நான் கூட்டிட்டுப் போகாத மாதிரி. திருப்பதி கூட்டிட்டுப் போயிருக்கேன். வரிசையில நின்னோம், கும்பிட்டோம், வந்தோம். எண்பத்தொம்பதுல குத்தாலம் கூட்டிட்டுப் போனேன். அந்த வருசம் தண்ணி வரல. பாறையப் பாத்துட்டு வந்தோம். அது என் தப்பா? அதுக்கப்புறம் எங்கேயாவது போலாமான்னு கேப்பா, எனக்கென்ன வேலை அங்கன்னு சொல்லுவேன். அதோட பேச்சு முடிஞ்சிரும். ஒரு நாள் அந்தப் பிள்ளை சாப்பிட்டுக்கிட்டே கேக்குறா, 'அம்மா, உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும்?' இவ கையில கரண்டியோட அப்படியே நிக்கிறா. 'எனக்கா? நான் எங்க போனேன்'னு சொல்றா. கேக்குறாளே ஒரு கேள்வி! மதுரையில பொறந்து மதுரையில வாக்கப்பட்டவகிட்ட எந்த ஊரு பிடிக்கும்னு கேட்டா அவ என்ன சொல்லுவா?

என்னைக் கூப்பிடலையான்னு கேக்குறீங்க. கூப்பிட்டா. அந்தப் பிள்ளை கூப்பிட்டா. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கேப்பா, 'அப்பா, நாளைக்கு வர்றீங்களா?' நான் என்ன சொல்லுவேன்? 'எனக்கெதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவேன். ஒரு மனுசன் அப்படித்தானே சொல்லுவான்? கேட்ட உடனே 'வர்றேன்'னு குதிச்சுக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? நம்ம பக்கம் என்ன பண்ணுவாங்க? 'அட, வாங்கப்பா. நீங்க இல்லாம நல்லாவா இருக்கும்'பாங்க. அப்பவும் வேணாம்பேன். மூணாந்தடவை கையப் புடிச்சு இழுப்பாங்க. அப்புறம் 'சரி, இவ்வளவு சொல்றீங்களே'ன்னு சொல்லி எந்திரிக்கிறதுதான் மரியாதை. கல்யாண வீட்டுப் பந்தியில போய்ப் பாருங்க. சாப்பிட வாங்கன்னு ஒரு தடவை சொன்ன உடனே எவனாவது எந்திரிச்சு வர்றானா?

இவ என்ன பண்ணுவா தெரியுமா? 'சரிப்பா'ன்னு சொல்லிட்டு அடுத்த தோசைக்குப் போயிருவா. அவ்வளவுதான்! வேணாம்னு சொன்னா வேணாமாம். அவ ஊர்ல அப்படித்தானாம். ஒருத்தர் வேணாம்னு சொன்னப்புறம் திரும்பக் கேட்டா அவரை நம்பலன்னு அர்த்தமாம். என்ன அர்த்தமோ. வாராவாரம் ஒரே ஒரு தடவை கேப்பா. வாராவாரம் நானும் மரியாதையா வேணாம்பேன். சனிக்கிழமை காலையில ரெண்டும் கேட்டைச் சாத்திட்டுப் போகும். நான் இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். சட்டை அதுக்காகப் போட்டது இல்ல தம்பி. வீட்டுக்கு யாராவது வருவாங்கன்னு போட்டிருப்பேன். செருப்பும் அப்படித்தான்.

அதுகூடப் பரவாயில்ல. இந்தப் பழக்கம் எங்க வீட்லயும் தொத்திக்கிச்சு. பாருங்க, கல்யாணமான நாள்ல இருந்து எனக்கு ஒரு வழக்கம். அஞ்சாவது தோசை வரும்போது 'போதும்'பேன். அவ 'இன்னொண்ணு வச்சுக்கங்க'ன்னு தட்டுல போட்டுருவா. போதும் போதும்னு சொல்லிக்கிட்டே ரெண்டு சாப்பிடுவேன். அதுதான் என் கணக்கு. ஒரு நாள் போதும்னேன். அவ 'சரிங்க'ன்னு சொல்லிட்டு அடுப்பை அமத்திட்டா. கல்லு சூடாத்தான் இருக்கு, சட்டியில மாவும் இருக்கு. நான் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இவ்வளவு காலம் குடும்பம் நடத்துனவளுக்கு என் போதும் எந்தப் போதும்னு தெரியாதா? பசியோட கையைக் கழுவுனேன். கேக்கலாம்தான். கேட்டு வாங்கிச் சாப்பிடுறது ஒரு சாப்பாடா?

அந்தப் பிள்ளையோட தமிழும் கெட்டுப் போச்சு. வரும்போது 'செல்கிறேன், வருகிறேன்'னு சுத்தமாப் பேசுனவ, போகும்போது 'அங்குட்டுப் போயி, இங்குட்டு வந்து'ன்னு எங்க வீட்ல பேசுற மாதிரியே பேசுறா. என்கிட்ட கத்துக்க வந்தவ அடுப்படியில கத்துக்கிட்டுப் போனா. கெளம்புற அன்னிக்கு ரெண்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுகை. எனக்கு ஒரு கும்பிடு. 'நன்றிப்பா'. போகும்போது தன்னோட பையை இவ தோள்ல மாட்டி விட்டுட்டுப் போயிட்டா. அந்த நீலப் பைதான். சேலைக்கு மேல பையை மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னால திரும்பித் திரும்பிப் பாக்குறா எங்க வீட்ல. நான் பேப்பரை வச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்.

சரி, வந்தவ போயிட்டா, இனிமே சனிக்கிழமை நம்ம சனிக்கிழமைன்னு இருந்தேன். பத்து மணிக்குக் காப்பி வரும்னு பாத்தா, இவ பையோட நிக்கிறா. எங்கடின்னேன். 'பஸ்ல சும்மா போயிட்டு வர்றேங்க.' யாரு கூட? 'யாரும் இல்ல. நான்தான்.' காவலுக்கு அனுப்புனவ அவ. காக்க வேண்டிய ஆள் போலந்துக்குப் போயாச்சு. அப்புறம் இவ என்னத்தக் காக்கப் போறா?

அன்னிக்கு ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. தெருவுல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. 'என்ன சார், அம்மா சனிக்கிழமை சனிக்கிழமை எங்கேயோ கெளம்பிடுறாங்க?'ன்னு. சனீஸ்வரனுக்கு வேண்டுதல்னு சொல்லி வச்சிருக்கேன். நல்லவேளை, கிழமை ஒத்துப்போச்சு. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், உங்கம்மா இப்படிப் பண்றாடான்னு. அவன் பாட்டுக்கு, 'நல்லதுதானப்பா, நீங்களும் கூடப் போங்களேன்'ங்கிறான். 'என்னை அவ கூப்பிட்டாளாடா?'ன்னு கேட்டேன். 'இதுக்கெல்லாமாப்பா கூப்பிடணும்?'னு கேட்டுச் சிரிக்கிறான். இதுல சிரிக்க என்னா இருக்கு?

அதான் தம்பி என் வருத்தமே. வருத்தம்கூட இல்ல, நியாயம். அந்த வெள்ளக்காரப் பிள்ளையாவது ஒப்புக்கு ஒரு தடவை கேட்டா. இவ, தாலி கட்டுன பொண்டாட்டி, ஒரு சனிக்கிழமையாவது 'வர்றீங்களா'ன்னு கேட்டாளா? சோத்தை வடிச்சு வச்சிட்டு, குழம்பைத் தாளிச்சு வச்சிட்டு, பிளாஸ்கைப் பக்கத்துல வச்சிட்டு, 'வர்றேங்க'ன்னு போயிர்றா. அந்த வீட்ல நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன். சனிக்கிழமை பகல் பூரா சத்தமே இருக்காது. டிவியைப் போட்டா அதுவும் கத்துது. பேப்பரை ரெண்டு தடவை படிச்சுட்டேன். எப்படா அந்தக் கேட்டுச் சத்தம் கேக்கும்னு இருக்கு. சொல்லப்போனா பயமாக்கூட இருக்கு தம்பி. ஒரு சனிக்கிழமை பஸ் திரும்பாம அங்கேயே நின்னுட்டா?

கேட்டா போவீங்களான்னு கேக்குறீங்க. அது வேற விஷயம். போறதும் போகாததும் என் இஷ்டம். ஆனா கேக்கணும்ல?

மேலக்கால் தாண்டிருச்சா? தென்கரையா இது? நான் இந்தப் பக்கமே வந்தது இல்ல. வீட்ல இருந்து ஒரு மணி நேரம்கூட இருக்காது போல. ரோட்டோரமா ஒரே தென்னையா இருக்கு. பரவாயில்ல, காத்து வருது. அதுக்காகக் கெளம்பி வந்துர முடியுமா?

இருங்க, இருங்க. எந்திரிக்கிறா. இங்கயா? இங்க ஸ்டாப்பே இல்லையே தம்பி. ஒரு வாய்க்கா, ஒரு பாலம், அவ்வளவுதான் இருக்கு. ஓ, யாரோ உர மூட்டை இறக்குறாங்க, அதுக்கு நிக்குது. அந்தச் சாக்குல இவளும் இறங்குறா பாருங்க. கண்டக்டர்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு இறங்குறா. பழகிட்டா போல. நான் இறங்கணும். இப்ப இறங்குனா சரியா இருக்காது, கொஞ்சம் நடக்க விட்டு இறங்குறேன். என்ன பண்றா? சொல்லுங்க. இங்குட்டா? பஸ்ஸுக்குப் பின்னாடி வர்றாளா? தம்பி, நான் குனிஞ்சுக்கிறேன். நீங்க நேராப் பாத்து உக்காருங்க. நான் இங்க இல்ல.

"ஏங்க."

"..."

"ஏங்க, உங்களைத்தான். வர்றீங்களா?"

"எங்க?"

"சும்மா, வாய்க்காக் கரையில. கொஞ்ச தூரம் நடந்தா மடை இருக்காம். தண்ணி விட்டிருக்காங்களாம்."

"மடையா? இந்த வெயில்ல மடையைப் பாக்கவா? எனக்கென்ன வேலை அங்க? நீ போ."

"சரிங்க. சோறு ஹாட்பேக்ல இருக்கு. போனதும் சாப்பிட்டுருங்க."

பாத்தீங்களா? பாத்தீங்களா தம்பி? ஏறும்போதே என்னைப் பாத்திருக்கா! பாத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி முன்னாடி உக்காந்து வந்திருக்கா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. நாலு வார்த்தை கேக்கணும்னு வந்தேன், உங்க தலைக்கு மேலயா ஜன்னல் வழியாக் கேக்க முடியும்? அதான் விட்டுட்டேன்.

கேட்டாளேங்கிறீங்களா? கேட்டா, கேட்டா. நான் இல்லன்னு சொல்லல. கேட்டது ஒரு தடவை. அது ஒரு கேள்வியா? 'அட வாங்கங்க, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? கையை நீட்டுனாளா? எனக்கென்ன வேலைன்னு நான் சொன்னா, அதை அப்படியே நம்பிக்கிட்டு 'சரிங்க'ன்னுட்டுப் போறா. நான் வெயில்ல வரமாட்டேன்னுதானே சொன்னேன், வரவே மாட்டேன்னா சொன்னேன்? இன்னொரு தடவை கேட்டிருந்தா...

என்னது? இறங்கணுமான்னா? யாரு? நானா? இல்லையே. ஏன் நிக்கிறேன்னு கேக்குறீங்களா? கால் மரத்துப் போச்சு தம்பி, ரொம்ப நேரமா உக்காந்து வந்ததுல. அதுக்காக நின்னேன். கண்டக்டர், நீங்க விசில் அடிங்க, யாரும் இறங்கல.

தம்பி, நின்னுக்கிட்டுப் பாத்தா எனக்கு வெளிய ஒண்ணும் தெரியல, ஜன்னல் தாழ்வா இருக்கு. நீங்க கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. திரும்பிப் பாக்குறாளா?